வெள்ளத்தை முந்தவேண்டிய கணக்கு

வன்னிப் பெருநிலப்பரப்பில் வெள்ளம் வானத்திலிருந்து மாத்திரம் வருவதில்லை, குளத்திலிருந்தும் வருகின்றது. மழைநீரைத் தேக்குவதற்கெனக் கட்டப்பட்ட குளம் அதன் கொள்ளளவை எட்டும்போது, எத்தனை வான்கதவுகளை, எவ்வளவு உயரத்திற்கு, எந்நேரத்தில் திறப்பது என்னும் தீர்மானத்தை மனிதர்களே மேற்கொள்ள வேண்டியுள்ளது. முன்கூட்டித் திறந்தால் சிறுபோகத்திற்கான நீர் வீணே கடலைச் சென்றடையும். பிந்தித் திறந்தால் கீழ்ப்பகுதிக் கிராமங்கள் மூழ்கும். திறவாது விட்டால் அணைக்கட்டே ஆபத்துக்குள்ளாகும். இம்மூன்றுக்கும் நடுவே தீர்மானிப்பதற்குக் கிடைப்பவை சில மணித்தியாலங்களே. அச்சில மணித்தியாலங்களுக்குள், திறக்கப்படும் நீர் எந்தக் கிராமத்தை, எந்நேரத்தில், எவ்வளவு ஆழத்தில் சென்றடையும் என்பதைக் கணித்துக் கூற இயலுமா?

இயலும் என்பதே இன்றைய பொறியியலின் விடை. அதனை இயலச் செய்திருப்பது பல கோடி ரூபா பெறுமதியான மீகணினி அன்று. இளைஞர்கள் கணினியில் விளையாடுவதற்கென வாங்கும் 'கிராபிக்ஸ் கார்ட்' எனப்படும் வரைகலைச் செயலியே ஆகும். விளையாட்டுக் கருவிக்கும் குளத்து வானுக்கும் என்ன தொடர்பு என வாசகர்கள் வியக்கக்கூடும். அத்தொடர்பை விளங்கிக்கொள்வதற்கு நமக்கு மிகவும் அறிமுகமான ஓர் உதாரணத்திலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

இரணைமடுவின் பாடம்

கனகராயன் ஆற்றை மறித்து, 1902 ஆம் ஆண்டு தொடங்கி 1920 களில் நிறைவு செய்யப்பட்ட இரணைமடுக்குளம், பின்னர் பல கட்டங்களாக உயர்த்தப்பட்டது. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களில் விழும் மழையின் ஒரு பகுதி இவ்வாற்றின் வழியே இக்குளத்தை வந்தடைகின்றது. கிளிநொச்சியின் 20,000 ஏக்கருக்கும் மேற்பட்ட வயல்நிலங்கள் இக்குளத்தை நம்பியுள்ளன. விவசாய அபிவிருத்திக்கான சர்வதேச நிதியத்தின் உதவியுடன் நடைபெற்ற புனரமைப்பின்போது, குளத்தின் நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்த்தப்பட்டது. அப்பணிகள் நிறைவுற்று 2018 டிசம்பர் முற்பகுதியில் குளம் மக்களிடம் கையளிக்கப்பட்டது.

அதே மாதம் 21, 22 ஆம் திகதிகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. குளத்தின் 14 வான்கதவுகளும் திறக்கப்பட்டன. பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளை, ஊரியான் முதலிய கீழ்ப்பகுதிகள் வெள்ளக்காடாகின. பல்லாயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். காலபோகப் பயிர் நீரில் கிடந்தது. கால்நடைகள் அள்ளுண்டு போயின. கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா என்னும் கேள்வி அதன் பின்னர் பகிரங்கமாக எழுந்தது. அதனை ஆராய்வதற்குக் குழுவும் நியமிக்கப்பட்டது.

எவர் தவறிழைத்தார் எனத் தீர்ப்புக் கூறுவது இங்கு நோக்கமன்று. இன்னொரு கேள்வியே முக்கியமானது. அவ்விரவில் வான்கதவுகளின் அருகே நின்ற பொறியியலாளரின் கையில், 'இப்போது 5 கதவுகளைத் திறந்தால் இன்ன விளைவு, மூன்று மணித்தியாலம் பொறுத்து 14 கதவுகளையும் திறந்தால் இன்ன விளைவு' என ஒப்பிட்டுக் காட்டும் வரைபடங்கள் இருந்திருந்தால் தீர்மானம் எவ்வாறு அமைந்திருக்கும்? பிற்பாடு நடைபெறும் எந்த விசாரணையிலும் பார்க்க, முன்கூட்டியே கிடைக்கும் அத்தகைய ஒப்பீடு பெறுமதி மிக்கதன்றோ?

நீர் எவ்வாறு கணிக்கப்படுகின்றது?

நீர், காற்று போன்று ஓடும் தன்மை கொண்டவற்றைப் பௌதிகவியல் 'பாயி' என அழைக்கின்றது. பாயியின் அசைவைக் கூறும் அடிப்படைச் சமன்பாடுகளைப் பிரான்ஸ் நாட்டுப் பொறியியலாளர் நவியே 1822 இலும், அயர்லாந்தில் பிறந்த கணிதவியலாளர் ஸ்ரோக்ஸ் 1845 இலும் வகுத்தளித்தனர். ஆறு, வெள்ளம் போன்று அகலத்தோடு ஒப்பிடுகையில் ஆழம் குறைந்த நீருக்கான எளிய வடிவத்தை 1871 இல் சென் வெனான் என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர் தந்தார். ஆகவே, சமன்பாடுகள் பழையவை. ஆயினும், இயற்கை நிலத்தின் மேடு பள்ளங்களுக்கு அவற்றைக் கையால் தீர்த்துவிட முடியாது. நிலத்தைச் சிறுசிறு சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு நீர் நிற்கின்றது, அயலிலுள்ள கட்டங்களுக்கு எவ்வளவு செல்கின்றது, அவற்றிலிருந்து எவ்வளவு வருகின்றது என்பதைக் கணந்தோறும் கணித்துச் செல்வதே வழி. வயலில் ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு நீர் பாய்வதை வரம்பில் நின்று பார்க்கும் கமக்காரர், இதன் தத்துவத்தை எளிதில் விளங்கிக்கொள்வார்.

தத்துவம் எளிது, கணக்கின் பருமனே மலைப்பைத் தருவது. இரணைமடுவின் கீழே 200 சதுர கிலோமீற்றர் நிலப்பரப்பை எடுத்துக்கொள்வோம். அதனை 10 மீற்றர் பக்கமுள்ள சதுரங்களாகப் பிரித்தால் 20 இலட்சம் கட்டங்கள் கிடைக்கின்றன. நீரலை ஒரு தாவலில் ஒரு கட்டத்தைத் தாண்டிச் செல்லக் கூடாது என்பது இக்கணிதத்தின் கட்டாய விதி. நான்கு மீற்றர் ஆழமான நீரில் அலை வினாடிக்கு 6 மீற்றருக்கும் கூடிய வேகத்தில் செல்லும். நீரோட்டத்தின் வேகத்தையும் சேர்த்தால், ஏறத்தாழ ஒவ்வொரு வினாடிக்கும் ஒரு தடவை அனைத்துக் கட்டங்களையும் புதிதாகக் கணித்தாக வேண்டும். இரண்டு நாள் வெள்ளத்திற்கு 1,72,800 வினாடிகள். இரண்டையும் பெருக்கினால் 34,560 கோடி கட்டக் கணிப்புகள்! ஒவ்வொரு கட்டக் கணிப்பினுள்ளும் நூற்றுக்கணக்கான கூட்டல், பெருக்கல்கள் அடங்கியுள்ளன.

சாதாரணக் கணினியின் செயலி ஒன்று வினாடிக்கு 40 இலட்சம் கட்டங்களைக் கணிப்பதாக வைத்துக்கொண்டால், இவ்வேலையை முடிப்பதற்குச் சரியாக 24 மணித்தியாலங்கள் தேவை. அதற்குள் வெள்ளம் கண்டாவளையைக் கடந்து சுண்டிக்குளம் களப்பை அடைந்துவிடும். வெள்ளத்தின் பின்னர் வரும் விடை, விடையாகாது; அது வெறும் வரலாற்றுக் குறிப்பே. இன்னும் நுட்பமாக, 5 மீற்றர் கட்டங்களில் கணிக்க விரும்பினால், கட்டங்கள் நான்கு மடங்காகவும் தாவல்கள் இரு மடங்காகவும் பெருகி, வேலை எட்டு மடங்காகின்றது. வேகம் என்பது இங்கு வசதிக்குரிய விடயம் அன்று. பயனுக்கும் பயனின்மைக்கும் இடையிலான வேறுபாடே அதுவாகும்.

64,000 பேர் கொண்ட மண்டபம்

இச்சிக்கலை நூறாண்டுகளுக்கு முன்னரே உணர்ந்தவர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி. போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, முதலாம் உலகப் போரின்போது பிரான்ஸ் போர்முனையில் அம்புலன்ஸ் சாரதியாகப் பணியாற்றிய அவர், அந்நெருக்கடியின் மத்தியிலும் வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஆறு மணித்தியால வானிலையைக் கையால் கணித்துப் பார்த்தார். அதற்குப் பல வாரங்கள் சென்றன. 1922 இல் வெளிவந்த அவருடைய நூலில் வியத்தகு கற்பனை ஒன்று இடம்பெற்றது. உலக வரைபடம் சுவரெங்கும் தீட்டப்பட்ட மாபெரும் வட்ட மண்டபம். அதில் 64,000 கணக்காளர்கள். ஒவ்வொருவருக்கும் பூமியின் ஒரு சிறு பகுதி. தத்தமது பகுதியை மாத்திரம் கணித்து, அயலவருக்கு விடையைக் காட்டுவர். நடுவே நிற்கும் நெறியாளர், இசைக்குழுவை நடத்துபவர் போன்று அனைவரையும் ஒரே வேகத்தில் இட்டுச் செல்வார்.

இன்றைய வரைகலைச் செயலி ஏறத்தாழ அம்மண்டபமே. கணினியின் மத்திய செயலியில் ஆற்றல் மிக்க சில அலகுகள் அல்லது சில பத்து அலகுகள் மாத்திரமே உள்ளன. அவை எந்தச் சிக்கலான வேலையையும் செய்யும் பண்டிதர்கள். வரைகலைச் செயலியிலோ பண்டிதர்கள் இல்லை. ஒரே எளிய கணக்கை ஒரே நேரத்தில் செய்யும் ஆயிரமாயிரம் சிற்றலகுகள் உள்ளன. 2022 இல் சந்தைக்கு வந்த என்விடியா நிறுவனத்தின் 4090 என்னும் அட்டையில் அத்தகைய அலகுகள் 16,384. நான்கு அட்டைகளை ஒன்றிணைத்தால் ரிச்சர்ட்சனின் மண்டபத்தில் இருந்தோரின் எண்ணிக்கையை விஞ்சிவிடலாம். அவ்வலகுகள் ஒவ்வொன்றும் வினாடிக்குக் கோடிக்கணக்கான கணக்குகளைச் செய்ய வல்லவை.

வெள்ளக் கணக்கு இவ்வமைப்புக்கு இயல்பாகவே பொருந்துகின்றது. 20 இலட்சம் கட்டங்களிலும் செய்ய வேண்டியது ஒரே கணக்கு. ஒவ்வொரு கட்டத்திற்கும் அதன் அயலிலுள்ள நான்கு கட்டங்களைப் பற்றிய செய்தி மாத்திரம் போதும். நெல் அறுவடைக்கு ஒரு பலசாலியை இறக்குவதிலும் பார்க்க நூறு பேரை வரிசையாக இறக்குவதே விரைவானது என்பது போன்றது இது. ஸ்பெயின் நாட்டின் விகோ, ஆ கொருஞ்ஞா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள், தாம் இலவசமாக வழங்கும் 'ஐபர்' என்னும் வெள்ளக் கணிப்பு மென்பொருளை வரைகலைச் செயலிக்கு ஏற்ப மாற்றியமைத்து, 2018 இல் வெளியிட்ட முடிவுகளில் ஏறத்தாழ 100 மடங்கு வேகத்தை எட்டியமையைக் காட்டினர். மேற்சொன்ன 24 மணித்தியாலக் கணக்கை 100 ஆல் வகுத்தால் வருவது 15 நிமிடத்திலும் குறைவு. வான்கதவைத் திறப்பதற்கான பத்து வெவ்வேறு வழிகளையும் இரண்டரை மணித்தியாலத்திற்குள் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

விளையாட்டுக் கருவி பொறியியலுக்கு வந்தமை

கணினித் திரையில் தோன்றும் படம் இலட்சக்கணக்கான புள்ளிகளால் ஆனது. விளையாட்டில் ஒரு காட்சி மாறும்போது ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் ஏககாலத்தில் கணிக்க வேண்டும். அதற்கெனவே இச்செயலிகள் தோன்றின. 1999 இல் வெளிவந்த 'ஜீஃபோர்ஸ் 256' அவ்வரிசையில் பெயர் பெற்றது. 2000 களின் தொடக்கத்தில் ஆய்வாளர் சிலர், நீரின் ஆழத்தையும் வேகத்தையும் படத்தின் நிறங்கள் போன்று செயலிக்குக் கொடுத்து, அதனை ஏமாற்றிக் கணக்குச் செய்வித்தனர் என்றே கூற வேண்டும். அவ்வித்தை 2007 இன் பின்னர் தேவையற்றுப் போயிற்று. பொதுவான கணக்குகளை நேரடியாக எழுதுவதற்கு 'கூடா' என்னும் நிரல் முறையை என்விடியா அறிமுகப்படுத்தியதே காரணம்.

அதன் பின்னர் வளர்ச்சி வேகமடைந்தது. விமானச் சிறகைச் சுற்றி ஓடும் காற்று, மோட்டார் வாகனத்தை எதிர்க்கும் காற்று, நீர்மின் சுழலியினுள் சுழலும் நீர் என்பவற்றை ஆராயும் வர்த்தக மென்பொருள்கள் பலவும் இன்று வரைகலைச் செயலிகளில் இயங்குகின்றன. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடம் திறந்த மூல மென்பொருளாக வெளியிட்ட 'டிரைற்றன்', 2017 இல் ஹியூஸ்டன் நகரை மூழ்கடித்த ஹார்வே சூறாவளியின் வெள்ளத்தை வைத்துப் பரிசோதிக்கப்பட்டது. கடலலை அணைச்சுவரில் மோதிச் சிதறுவதைத் துளித்துளியாகக் கணிக்கும் 'டுவல்எஸ்பிஎச்பிசிக்ஸ்' என்னும் மென்பொருளும் இலவசமாகவே கிடைக்கின்றது. கணினிப் படிமுறையைக் குறிக்கும் 'அல்கோரிதம்' என்னும் சொல், ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத்தில் வாழ்ந்த அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது. அறிவு எந்த ஊரிலும் தோன்றி எந்த ஊருக்கும் உரியதாகலாம் என்பதற்கு அச்சொல்லே சான்று.

வடிவமைப்பில் அடையும் நன்மை

அவசர வேளையில் மாத்திரமன்றி, கட்டுமானத்தின் முன்னரான வடிவமைப்பிலும் இவ்வேகத்தின் பயன் பெரிது. முன்னைய காலத்தில் அணை, துறைமுகம் ஆகியவற்றின் நீரோட்டத்தை அறிவதற்குச் சிறிய அளவிலான மாதிரியைக் கட்டி, அதனுள் உண்மையான நீரைப் பாய்ச்சிப் பார்ப்பர். மொறட்டுவை, கட்டுபெத்தையில் 1984 முதல் இயங்கிவரும் இலங்கை நீரியல் நிறுவனம் அத்தகைய மாதிரிகளுக்குப் பெயர் பெற்றது. பௌதிக மாதிரியின் நம்பகத்தன்மை இன்றும் குறைந்துவிடவில்லை. ஆயின், மாதிரி ஒன்றைக் கட்டுவதற்கு மாதங்களும் பெருந்தொகைப் பணமும் தேவைப்படுகின்றன. பாலத்தின் அகலத்தை மாற்றிப் பார்க்க விரும்பினால் மீண்டும் உடைத்துக் கட்ட வேண்டும். கணினியில் அதே மாற்றத்தைச் சில நிமிடங்களில் செய்யலாம். நூறு வடிவங்களைக் கணினியில் சோதித்து, அவற்றுள் சிறந்த இரண்டை மாத்திரம் பௌதிக மாதிரியில் உறுதிப்படுத்துவதே இன்று சிக்கனமான நடைமுறை.

வன்னிக்கு இது நேரடியாகப் பொருந்தும் விடயம். போர் முடிவடைந்த பின்னர் ஏ9 நெடுஞ்சாலையும் பரந்தன் - முல்லைத்தீவு வீதியும் உயர்த்திப் புனரமைக்கப்பட்டன. வீதி உயர்வது பயணத்திற்கு நன்மை. ஆனால் உயர்ந்த வீதி ஓர் அணையாகவும் செயற்படுகின்றது. மதகுகளின் எண்ணிக்கையும் அகலமும் போதாதிருந்தால் ஒரு பக்கத்தில் நீர் தேங்கும். மறுபக்கத்தில் அரிப்பு ஏற்படும். எந்த இடத்தில் இன்னும் ஒரு மதகு தேவை என்பதைக் கொங்கிறீற் ஊற்றுவதற்கு முன்னரே கணித்தறிய இம்முறை உதவும். பளைப் பகுதியில் நிறுவப்பட்டுள்ள காற்றாலைகளை எடுத்துக்கொண்டால், ஒரு காற்றாலையின் பின்னே எழும் சுழற்காற்று அடுத்ததன் உற்பத்தியை எவ்வளவு குறைக்கும் என்பதும் இதே சமன்பாடுகளின் கணக்கே.

எல்லாவற்றிலும் பாரதூரமானது அணைக்கட்டு உடைப்பாகும். 1986 ஏப்ரல் 20 ஆம் திகதி அதிகாலையில் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைத்துக்கொண்டபோது, நூற்றுக்கும் மேற்பட்டோர் உறக்கத்திலிருந்து மீளாமலே மாண்டனர். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என மூவினத்தவரும் வாழும் பிரதேசம் அது; வெள்ளம் எந்த வாசலிலும் இனம் கேட்டு நிற்கவில்லை. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், தண்ணிமுறிப்பு, பாவற்குளம், அக்கராயன் ஆகிய ஒவ்வொரு குளத்திற்கும், கட்டு இன்ன இடத்தில் உடைத்தால் முதலாவது மணித்தியாலத்தில் நீர் எதுவரை செல்லும் என்னும் வரைபடத்தைத் தயாரித்து வைத்திருப்பது ஆடம்பரமன்று, அடிப்படைக் கடமையாகும்.

வேகம் மாத்திரம் போதுமா?

போதாது என்பதை ரிச்சர்ட்சனின் வரலாறே உணர்த்துகின்றது. பல வாரங்கள் உழைத்து அவர் பெற்ற விடை முற்றிலும் பிழையானது. வளி அமுக்கம் ஆறு மணித்தியாலத்தில் இயற்கையில் ஒருபோதும் நிகழாத அளவு உயரும் என அவருடைய கணக்குக் காட்டியது. சமன்பாடுகள் பிழையானவை அல்ல. தொடக்கத் தரவுகளில் இருந்த ஒவ்வாமையே கணக்கைக் கெடுத்தது என்பது பின்னர் தெளிவாயிற்று. அவரிடம் வரைகலைச் செயலி இருந்திருந்தால் அதே பிழையான விடை சில வினாடிகளில் கிடைத்திருக்கும்; அவ்வளவே.

வன்னியின் நிலம் ஏறத்தாழ மட்டமானது. இத்தகைய நிலத்தில் தரைமட்ட அளவீட்டில் ஒரு மீற்றர் பிழை நேர்ந்தால், வெள்ளத்தின் எல்லை வரைபடத்தில் நூற்றுக்கணக்கான மீற்றர் தள்ளிப் போய்விடும். விண்வெளியிலிருந்து அளக்கப்பட்டு இலவசமாகக் கிடைக்கும் உலக உயர வரைபடங்களில் சில மீற்றர் பிழை சாதாரணம். மரங்களின் உச்சியைத் தரையாகக் காட்டுவதும் உண்டு. ஆகவே, விமானத்திலிருந்து லேசர் கதிரால் அளக்கப்பட்ட தரைமட்டம், ஆற்றுப் படுகையின் குறுக்கு வெட்டு அளவுகள், ஒவ்வொரு மதகினதும் பாலத்தினதும் அளவு என்பன தேவை. கனகராயன் ஆற்றின் மேற்பகுதியில் மழையையும் நீர்மட்டத்தையும் உடனுக்குடன் அறிவிக்கும் தானியங்கி மானிகளும் இன்றியமையாதன. சுண்டிக்குளம் களப்பின் முகத்துவாரம் மணல் மேட்டால் அடைபட்டுள்ளதா, திறந்துள்ளதா என்பதும் கணக்கில் சேர வேண்டும். வாசல் மூடியிருந்தால் நீர் வீட்டினுள்ளேயே நிற்கும்.

செயலிக்கும் சில வரம்புகள் உள்ளன. விளையாட்டுக்கான அட்டைகள் குறைந்த தசமத் திருத்தத்தில் மிக விரைவாகவும், கூடிய திருத்தத்தில் மிக மெதுவாகவும் இயங்குகின்றன; சில அங்குல ஆழமே உள்ள நீரைக் கணிக்கையில் இது கவனத்திற்குரியது. அட்டையின் நினைவகத்திற்கு உள்ளடங்காத பெரும் பரப்பை எடுத்தால் வேகம் குன்றும். அனைத்திற்கும் மேலாக, இக்கணக்கு மழையை எதிர்வுகூறுவதில்லை. விழுந்த மழையும் விழக்கூடிய மழையும் நிலத்தில் என்ன செய்யும் என்பதை மாத்திரமே கூறுகின்றது. எனவே, ஒரே விடையாக அல்லாது, மழை குறைந்தால் இவ்வளவு, கூடினால் இவ்வளவு என வீச்சாகவே அதனை மக்கள் முன் வைக்க வேண்டும்.

சென்னையின் அனுபவம்

2015 டிசம்பர் முதலாம் திகதி சென்னையில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டதும், அடையாற்றின் இரு கரைகளும் மூழ்கியதும் வாசகர்கள் அறிந்ததே. 2018 இல் சட்டசபையில் சமர்ப்பிக்கப்பட்ட இந்தியக் கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கை, அதனை மனிதரால் விளைந்த அனர்த்தம் எனக் கண்டித்தது. அவ்வனர்த்தத்தின் பின்னர், இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் அண்ணா பல்கலைக்கழகமும் இந்திய மத்திய அரசின் கரையோர ஆய்வு நிறுவனமும் இணைந்து, சென்னைக்கெனக் கரையோர வெள்ள எச்சரிக்கை முறையொன்றை உருவாக்கி 2019 இல் அறிமுகப்படுத்தின. மழை, ஏரித் திறப்பு, கடல்மட்டம் ஆகியவற்றின் நூற்றுக்கணக்கான சேர்க்கைகளுக்கு முன்கூட்டியே கணிக்கப்பட்ட வெள்ள வரைபடங்களின் தொகுதி அதன் முக்கிய அம்சமாகும். அவசர வேளையில் பொருத்தமான வரைபடத்தைத் தெரிவு செய்தால் போதும்.

வன்னிக்கு இவ்வழி மிகவும் உகந்ததாகத் தோன்றுகின்றது. ஏனெனில், சூறாவளி வேளையில் முதலில் அறுந்து போவன மின்சாரமும் தொலைத்தொடர்புமே. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி இலங்கையைத் தாக்கி 600 க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவு கொண்டபோது, நாடெங்கும் பல பிரதேசங்கள் தொடர்பற்றுப் போயின. வடக்கிலும் வீதிகளும் பாலங்களும் சேதமுற்றன; வெள்ளநீரை வெளியேற்றச் சுண்டிக்குளம் பகுதியில் முகத்துவாரத்தை அகலப்படுத்தச் சென்ற கடற்படையினர் ஐவர் உயிரிழந்தனர். இத்தகைய வேளையில் கணினி அறையில் கிடக்கும் விடையால் பயனில்லை. மழைக்காலத்திற்கு முன்னரே கணிக்கப்பட்டு, அச்சிடப்பட்டு, கிராம அலுவலரின் சுவரில் தொங்கும் வரைபடமே உயிர் காக்கும்.

அறிவியல் நகரிலிருந்து கண்டாவளைக்கு

இரணைமடுவுக்கு அண்மையில், கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் அமைந்துள்ளன. 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகத்தில் பிரயோக விஞ்ஞானம் கற்பிக்கப்படுகின்றது. இலவச மென்பொருளும் உண்டு. தேவைப்படும் கணினியோ, புதிய நான்கு சக்கர உழவு இயந்திரம் ஒன்றின் விலையிலும் குறைந்த செலவில் பெறக்கூடியது. இல்லாதிருப்பது இவற்றை இணைக்கும் ஏற்பாடே. நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பதிவேடுகளும், வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழைத் தரவுகளும், வீதி அபிவிருத்தி அதிகார சபையின் மதகு அளவுகளும் ஒரே மேசைக்கு வர வேண்டும். இறுதியாண்டு மாணவர்களின் ஆய்வுக் கட்டுரைகள் நூலக அலுமாரியில் உறங்காது, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் கைநூலாக மாற வேண்டும்.

இதில் கமக்காரர் அமைப்புகளுக்கும் முதியோருக்கும் முக்கிய பங்குண்டு. கணக்குச் சரியா என்பதைச் சோதிக்கும் உரைகல், 2018 வெள்ளம் எந்த வீட்டுச் சுவரில் எந்த உயரத்தில் கறை விட்டுச் சென்றது என்னும் நினைவே. 'வான் பாய்ந்தால் எத்தனை மணித்தியாலத்தில் எங்கள் வயலுக்கு நீர் வரும்' என்பதை ஒரு தலைமுறை அனுபவத்தால் அறிந்திருந்தது. ஆனால் அந்த நினைவுச் சங்கிலி வன்னியில் அறுந்து போயுள்ளது என்பதை மறந்துவிடலாகாது. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முல்லைத்தீவு முஸ்லிம்கள், நீராவிப்பிட்டிக்கும் தண்ணீரூற்றுக்கும் மீளத் தொடங்கியது ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின்னரே. 2008 நவம்பரில் 'நிஷா' சூறாவளி பெருமழை கொட்டியபோது, வன்னித் தமிழ் மக்கள் தம் ஊர்களை விட்டுத் தறப்பாள் கொட்டகைகளில் இருந்தனர். திரும்பி வந்தோர் கண்டது பழைய நிலமன்று. கட்டு உயர்ந்திருந்தது, வீதி உயர்ந்திருந்தது, வாய்க்கால்கள் திசை மாறியிருந்தன. மீளக் குடியமர்ந்த இளம் குடும்பம் ஒன்று, தான் வீடு கட்டும் காணி வெள்ளத்தின் பாதை என்பதை அறிவதற்கு இன்று எவரிடம் கேட்கும்? அறுந்த நினைவுக்கு ஓரளவேனும் ஈடு செய்யக்கூடியது இக்கணக்கே.

தீர்மானம் எப்போதும் மனிதருடையதாகவே இருக்கும். இயந்திரம் வான்கதவைத் திறக்கச் சொல்வதில்லை; திறந்தாலும் திறவாவிட்டாலும் எவருக்கு என்ன நேரும் என்பதை மறைக்காது காட்டுகின்றது. அவ்வரைபடம் பொறியியலாளரின் மேசையில் மாத்திரம் இருந்தால் அது தொழில்நுட்பம்; கண்டாவளையில் வாழும் விவசாயியின் கையிலும் இருந்தால் அது பொறுப்புக்கூறல். எத்தனை கதவு திறந்தால் எந்த ஒழுங்கை மூழ்கும் எனத் தமிழில் எழுதப்பட்டு, கோயிலிலும் பள்ளிவாசலிலும் ஒலிபெருக்கியில் வாசிக்கக்கூடிய எளிமையுடன் அது அமைய வேண்டும். வடகீழ்ப் பருவமழை ஆண்டுதோறும் தவணை தவறாது வருகின்றது. அடுத்த மழை இரணைமடுவை நிரப்புவதற்கு முன்னர் இக்கணக்கு முடிக்கப்பட்டிருக்குமா என்பதற்குரிய விடை, எந்தச் செயலியிலும் இல்லை. நமது நிறுவனங்களின் கைகளிலேயே உள்ளது.